பழைய பிராசசரில் தங்கம் எடுத்த அனுபவம்: மிஞ்சிய திராவகத்தை எங்கே ஊற்றினீர்கள்?

மண்டபத்திலிருந்து:

மாமா 1990களில் கீழக்கரையில் கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம் நடத்தினார். அந்த இடத்தைக் காலி செய்தபோது இரண்டு சாக்கு நிறையப் பழைய சாமான் என் வீட்டுக்கு வந்தது. உப்புக்காற்றில் கேபினெட் எல்லாம் துருவேறி, தொட்டாலே செதில் செதிலாக உதிர்ந்தது. மதர்போர்டிலிருந்து பிராசசரைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். 486 என்ற அந்தக் காலத்து ரகம். ஊதா கலந்த சாம்பல் நிறப் பீங்கான், 168 ஊசிகள், நடுவில் சின்னச் சதுர மூடி. ஊசிகளும் மூடியும் நேற்றுப் பூசியது போல மஞ்சளாக மின்னின. சுற்றியிருந்த இரும்பைத் தின்ற காற்று அந்த மெல்லிய தங்கப் பூச்சை ஒன்றுமே செய்யவில்லை. ஆசை அங்கேதான் பிடித்தது.

மொத்தம் ஆறு 486. அதோடு மதுரையில் ஒரு காயலான் கடையில் தேடிப்பிடித்த இரண்டு பெண்டியம் ப்ரோ. தங்கம் தேடுகிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். பழைய ராம் அட்டைகளின் தங்க விளிம்பையும் வெட்டிச் சேர்த்துக்கொண்டேன்.

நைட்ரிக் அமிலம் தங்கத்தைத் தொடாது, அடியில் இருக்கும் மற்ற உலோகங்களைக் கரைத்துவிடும். கரைந்த பிறகு தங்கம் தோல் உரிந்தது போலத் தகடாக மிதக்கும். படித்தது அவ்வளவுதான், இறங்கிவிட்டேன். ஆனி மாதம், கச்சான் காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. புகையைக் காற்று கொண்டுபோய்விடும் என்று நம்பி மொட்டை மாடியில் வைத்துச் செய்தேன்.

சாயங்காலம் காற்று சட்டென்று விழுந்துவிட்டது. பாத்திரத்திலிருந்து எழுந்த செம்பழுப்புப் புகை மேலே போகவில்லை, காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து மாடிப்படியில் இறங்கியது. கீழே அக்கா பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய் அவர்களை வெளியே இழுத்தேன். அப்போது எனக்குத் தொண்டை கரகரப்பு மட்டும்தான். ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான் நெஞ்சு இறுகி இருமல் வந்தது. இந்தப் புகை பல மணி நேரம் கழித்துக்கூட நுரையீரலில் நீர் கோக்க வைக்கும் என்று டாக்டர் சொல்லி, விடியும்வரை என்னை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை நடுங்குகிறது.

மறுநாள் இன்னொன்று. தகடுகளை வடிகட்டி எடுத்த பிறகு பச்சையும் நீலமுமாக ஒரு வாளித் தண்ணீர் மிஞ்சியது. கொல்லைப் பக்கம் தூக்கிக்கொண்டு போனேன். அத்தை வழிமறித்தார். "எங்கடா ஊத்தப்போற? அந்த மணலுக்கு அடியிலதான நம்ம ஊத்து இருக்கு?"

எங்கள் பக்கத்தில் மணலைத் தோண்டி ஊற்றுநீர் எடுத்துக் குடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடலில் கொட்டலாமா என்றால், படகின் அடியில் கொட்டலசு என்ற கடல் உயிர் ஒட்டாமலிருக்கச் செம்பு கலந்த பெயிண்ட் அடிக்கிறோமே, எதற்காக? செம்பு கடல் உயிர்களுக்கு விஷம் என்பதால்தானே. அந்த வாளியில் இருந்தது அதே செம்பு. வாளியை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

தங்கத் தகடுகளை ஒரு சின்னப் புட்டியில் போட்டு ராமநாதபுரத்தில் தெரிந்த பத்தரிடம் கொண்டுபோனேன். தங்கத்தையே கரைக்கும் இராஜ திராவகத்தை வீட்டில் வைத்துச் செய்ய இனி மனம் வரவில்லை. அவர் பட்டறையில் புகைபோக்கி உண்டு. மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக், ஒரு பங்கு நைட்ரிக். தகடு கரைந்து தண்ணீர் தேன் நிறமானது. மிஞ்சிய நைட்ரிக்கை முறித்துவிட்டுச் சோடியம் மெட்டாபைசல்பைட் போட்டதும் அடியில் காப்பித்தூள் போல ஒரு பொடி படிந்தது. "இதைப் பார்த்தா பொன்னுன்னு யார் தம்பி சொல்லுவா? மண்ணுன்னு கொட்டிருவாங்க" என்றார். கழுவி, காயவைத்து, வெங்காரம் தூவி மூசையில் வைத்து ஊதினார். தங்கம் உருக 1064 டிகிரி வேண்டும். பொடி சுருங்கி, சிவந்து, திடீரென்று உருண்டு ஒரு மணியாகி நின்றது. தராசில் 0.9 கிராம். ஒரு பவுனில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் அந்த நிமிடத்தை நான் எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பாம்பனிலிருந்து:

எனக்குக் கிடைத்தது எல்லாம் பெண்டியம் 4. ஒவ்வொன்றிலும் 478 ஊசி இருக்கிறதே என்று ஒரு பை நிறையச் சேர்த்தேன். பூச்சு அவ்வளவு மெல்லியது, வடிதாளில் ஒட்டிய மினுமினுப்பைத் தவிர ஒன்றும் தேறவில்லை. 2004லிருந்து இன்டெல் டெஸ்க்டாப் பிராசசர்களில் ஊசிகளையே மதர்போர்டு பக்கம் மாற்றிவிட்டது. பீங்கான் பிராசசரைத் தேடிப் போங்கள், இல்லாவிட்டால் அமிலச் செலவுகூடக் கிடைக்காது.

தொண்டியிலிருந்து:

பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். போன வருடம் ஒரு மாணவன் பழைய பீங்கான் பிராசசரைச் சுத்தியலால் பொடித்துக் கொண்டுவந்து காட்டினான். அப்படியே வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்தேன். பழைய மின்னணுச் சில்லுகள் சிலவற்றில் பெரிலியம் ஆக்சைடு உண்டு, அந்தத் தூசு நுரையீரலுக்குப் போனால் திரும்ப எடுக்க முடியாது. தயவுசெய்து யாரும் பீங்கானை இடிக்காதீர்கள், அரைக்காதீர்கள்.

மண்டபம் தம்பி, அந்த வாளியில் பழைய இரும்பு ஆணிகளைப் போட்டு வையுங்கள், செம்பு ஆணிமேல் படிந்துவிடும். அப்புறம் சுண்ணாம்பு நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் நிக்கலும் இரும்பும் கசடாக அடியில் தங்கும். இதையே தொழிலாகச் செய்ய நினைப்பவர்கள் 2022ஆம் வருட மின்னணுக் கழிவு விதிகளைப் படித்துவிடுங்கள். பதிவு இல்லாமல் மறுசுழற்சி செய்யக் கூடாது.

மண்டபத்திலிருந்து:

நன்றி டீச்சர். வீட்டில் கிடந்த படகு ஆணிகளைத்தான் போட்டேன், இரண்டே நாளில் செப்புக்காசு போலச் சிவந்துவிட்டன. சுண்ணாம்பும் சேர்த்தாயிற்று. கசடு பச்சையாக ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மூடி, அத்தை கண்ணில் படும்படி திண்ணையில் வைத்திருக்கிறேன். பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், மதுரையானாலும் நானே கொண்டுவந்து கொடுக்கிறேன்.