கீறல் ஆறுவது செல் பெருக்கத்தாலா, செல் நகர்வாலா?

கேள்வி:
வணக்கம். முதுகலை உயிர்தொழில்நுட்பம் படிக்கிறேன். மூச்சுக்குழாயின் உட்பரப்பை மூடும் எபிதீலிய செல்கள் தட்டில் இடைவெளியின்றிப் பரவிய பின், பிப்பெட் முனையால் நடுவே ஒரு கோடு கீறி, ஒரு தட்டில் மட்டும் ஈ.ஜி.எஃப். என்னும் வளர்ச்சிக் காரணியைச் சேர்த்தேன். மறுநாள் காலை அதில் கீறல் ஏறத்தாழ மூடியிருந்தது. மற்றதில் பாதிகூட நிரம்பவில்லை. செல்கள் விரைந்து பெருகியதுதான் காரணமா? அப்படியெனில், நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்ட நோயாளிகளுக்கு இத்தகைய காரணிகளை மருந்தாகக் கொடுக்கலாம் அல்லவா?

மறுமொழி 1:
பெருக்கம் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். ஓரிரவில் மூடும் கீறலில் பெரும்பங்கு நகர்வுக்கே உரியது. விளிம்பிலுள்ள ஒரு செல்லை நுண்ணோக்கியில் சற்று நேரம் பாருங்கள்: அது தட்டையாகி, வெற்றிடத்தை நோக்கி விசிறி போன்ற மெல்லிய மடலை நீட்டும், பின்னாலுள்ள செல்கள் தம் பிடியை விடாமல் அதைத் தொடர்ந்து வரும். ஈ.ஜி.எஃப். தன் ஏற்பியுடன் (செல்லின் மேலுள்ள, அதை அடையாளங்காணும் புரதத்துடன்) இணைந்ததும், செல்லுக்கு வடிவமும் அசைவும் தரும் ஆக்டின் என்னும் புரத இழைகள் மாற்றியமைக்கப்படுவதே இதற்குக் காரணம். மைட்டோமைசின் சி இட்டுச் செல் பகுப்பை நிறுத்திய தட்டு ஒன்றையும் வைத்துப் பாருங்கள். அதிலும் கீறல் சுருங்கினால் விடை தெளிவாகிவிடும்.

மறுமொழி 2:
தட்டில் காரணியை நீங்கள் சேர்த்தீர்கள். உடலில் யார் சேர்ப்பது? 2003இல் நேச்சர் இதழில் வெளிவந்த, அயோவா பல்கலைக்கழகத்தினரின் ஆய்வு இதற்குத் தந்த விடை என்னை இன்றும் வியக்க வைக்கிறது. ஹெரெகுலின் என்னும் காரணி மூச்சுக்குழாயின் உட்பரப்பை நனைக்கும் நீர்ப்படலத்தில் எப்போதும் இருக்கிறது. அதன் ஏற்பிகளோ செல்லின் பக்கவாட்டிலும் அடிப்புறத்திலும் உள்ளன. செல்களைப் பிணைக்கும் இறுக்கமான இணைப்புகள் இரண்டும் சந்திக்காமல் தடுக்கின்றன. செல் அடுக்கு கிழிந்தவுடன், கிழிந்த இடத்தில் மட்டும் காரணி ஏற்பியை அடைந்து, சீரமைப்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

மறுமொழி 3:
மருந்தைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். காற்று நுண்ணறைகளின் பரப்பில் சுமார் 95 விழுக்காட்டை மெல்லிய முதல்வகைச் செல்கள் மூடியுள்ளன. அவை அழிந்தால், இரண்டாம்வகைச் செல்களே பெருகி, உருமாறி அந்த இடத்தை நிரப்புகின்றன. அவற்றைத் தூண்டும் கே.ஜி.எஃப். காரணியை, காயத்துக்கு ஓரிரு நாட்கள் முன்பே மூச்சுக்குழாய் வழியாகப் பெற்ற எலிகளின் நுரையீரல்கள் நன்கு காக்கப்பட்டன. ஆனால் கடுமையான மூச்சுத்திணறல் நோய்க்கூறு ஏற்கெனவே தொடங்கிவிட்ட 60 பேரிடம் இதன் மருந்து வடிவமான பாலிஃபெர்மினைச் சோதித்து 2017இல் வெளியிட்ட முடிவில், ஆக்சிஜன் நிலை மேம்படவில்லை. மருந்து பெற்றவர்களுக்குச் செயற்கைச் சுவாசம் இன்றிக் கழிந்த நாட்களும் குறைந்தே இருந்தன. பெருகுவதற்கு உயிருள்ள செல்கள் எஞ்சியிருக்க வேண்டும். காரணி வந்து சேரும் நேரமே இங்கு முதன்மையானது என்பது என் கருத்து.

கேட்டவர்:
மூவருக்கும் மிக்க நன்றி. அடுத்த முறை மைட்டோமைசின் தட்டுடன், கீறுவதற்கு 24 மணி நேரம் முன்பே காரணி சேர்த்த தட்டு ஒன்றையும் வைக்கிறேன். படங்களை இங்கேயே பதிவிடுவேன்.