மடியில் கிடத்தி வாசிக்கும் கிற்றார்: வன்னியில் பழகியவர்களின் அனுபவப் பகிர்வு

இரணைமடு வாசி:

1990களில் எங்கள் ஊரில் மின்சாரம் கிடையாது. பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில்தான் பாட்டுக் கேட்போம். சுற்றுவது என் வேலை. கை தளர்ந்தால் கசெற் மெதுவாக ஓடும், பாடகரின் குரல் தொய்ந்து விழும், முற்றத்தில் இருக்கும் எல்லோரும் என்னை அதட்டுவார்கள். ஒருநாள் மாமா கொண்டு வந்த கசெற்றில் பாட்டே இல்லை, வாத்தியம் மட்டும். அதில் ஒரு தந்தி ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போனது. நான்தான் தளர்ந்துவிட்டேன் என்று பயந்து இன்னும் வேகமாகச் சுற்றினேன். அப்போதும் வழுக்கியது. "நீ சரியாகத்தான் சுற்றுகிறாய். அது ஹவாயன் கிற்றார், அப்படித்தான் பேசும்" என்றார் மாமா.

இடம்பெயர்ந்த ஊர்களில் எல்லாம் அந்த ஓசை என் காதோடு வந்தது. மீள்குடியேறிச் சில வருடங்கள் கழித்து, 2014இல், வெளிநாட்டிலிருந்து வந்த சித்தப்பா ஒரு சாதாரண கிற்றாரை வீட்டில் விட்டுச் சென்றார். மடியில் கிடத்தி, தந்தியில் இரும்பை உருட்டி வாசிப்பதற்கென்றே செய்த லாப் ஸ்டீல் கிற்றார் வாங்க என்னிடம் வசதி இல்லை. அதையே மாற்றினேன். தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் கட்டையின் மேல், பள்ளம் வெட்டிய ஒரு முதிரை மரத் துண்டை வைத்துத் தந்திகளை ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் உயர்த்தினேன். பசை போட வேண்டாம், தந்திகளின் இழுவையே அதைப் பிடித்துக்கொள்ளும். பிறகு 6ஆம் தந்தியையும் 1ஆம் தந்தியையும் மேற்கத்திய முறையில் ஈ எனும் சுரத்திலிருந்து டீக்கு இறக்கினேன், 5ஆம் தந்தியை ஏயிலிருந்து ஜீக்கு இறக்கினேன். மற்ற மூன்றும் இருந்தபடியே. மூன்று தந்திகளை இறக்குகிறோமே தவிர எதையும் ஏற்றுவதில்லை, அதனால் அறுந்துவிடும் என்ற பயமில்லை. வெறும் தந்திகளைத் தடவினாலே ஜீ மேஜர் என்ற சுரக்கூட்டு முழுதாக ஒலிக்கும். அந்த முதல் தடவலை நான் மறக்க மாட்டேன்.

தந்தியில் உருட்ட இரும்பு வேண்டுமே? கிளிநொச்சியில் கராஜ் வைத்திருக்கும் நண்பர், கழித்துப்போட்ட லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பிஸ்டன் பின் என்ற உருளை இரும்பைக் கொடுத்தார். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்ததும் கண்ணாடி போல முகம் தெரிந்தது. ஹவாயில் இந்த வாசிப்பைத் தொடக்கியவராகச் சொல்லப்படும் ஜோசப் கெகுகுவும், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பள்ளிப் பையனாக இருந்தபோது கைக்குக் கிடைத்ததை உருட்டிப் பார்த்துத்தான் தொடங்கினாராம். ரயில் பாதையில் கிடந்த பொல்ட் என்று ஒரு கதை, சீப்பு என்று இன்னொரு கதை. லாண்ட்மாஸ்டர் பின்னைப் பார்த்தால் அவரும் எடுத்திருப்பார்.

இரண்டு வருடம் தனியாகப் பழகினேன். சுரம் ஓரளவு சரியாக வந்தது, ஆனால் அதன் பின்னால் எப்போதும் ஓர் இரைச்சல். தகரத்தை யாரோ சுரண்டுவது போல. தந்தி மலிவு என்று நினைத்து மாற்றினேன், போகவில்லை. பின்னைத் திரும்பத் திரும்பத் தீட்டினேன், போகவில்லை.

2016இல் மடுவில் உள்ள மாதா கோவிலின் ஆவணித் திருவிழாவுக்கு நண்பனின் குடும்பத்தோடு போயிருந்தேன். காட்டு மரங்களுக்குக் கீழே ஆயிரக்கணக்கானவர்கள் கூடாரம் அடித்துத் தங்கியிருந்தார்கள். மாலையில் அடுப்புப் புகைக்கு நடுவே அதே ஓசை. ஒரு பெரியவர் பாயில் உட்கார்ந்து, மடியில் கிற்றாரைக் கிடத்தி, மாதா பாட்டு ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தார். இரைச்சல் துளியும் இல்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாட்டு முடிந்ததும் என் குறையைச் சொன்னேன். வாசித்துக் காட்டச் சொல்லிக் கிற்றாரை என் மடிக்கு மாற்றினார். நான்கு சுரம்கூட முடியவில்லை. என் இடது கையைப் பிடித்து, அந்தரத்தில் நின்ற மோதிர விரலையும் சுண்டு விரலையும் இரும்புக்குப் பின்னால் தந்தியின் மேல் மெல்லப் படுக்க வைத்தார். "அழுத்த வேண்டாம் தம்பி. தூங்குகிற பிள்ளையின் முதுகில் கை வைப்பது போல."

இரைச்சல் நின்றுவிட்டது. இரும்புக்கு முன்னால் தந்தி ஒலிப்பது போலவே, இரும்புக்கும் தலைப்பக்கக் கட்டைக்கும் இடையில் மிஞ்சிய துண்டும் அதிர்கிறது, வேறொரு சுரத்தில். இரண்டு வருடமாக நான் கேட்டது அந்தத் துண்டின் சத்தத்தை. இன்னொன்றையும் அவர் திருத்தினார். தலையைச் சரித்துப் பார்த்து இரும்பை வைக்காதே, கண்ணை நேர் மேலே கொண்டு வா என்றார். தந்தி உயர்ந்து நிற்பதால், சரிந்து பார்ப்பவருக்கு, சுர இடத்தைக் குறிக்கும் குறுக்குக் கோடு ஓரிடத்திலும் சுரம் இன்னோரிடத்திலும் இருக்கும். இரும்பு நிற்க வேண்டியது இரண்டு கோடுகளுக்கு நடுவே இல்லை, சரியாகக் கோட்டின் மேலே. சாதாரண கிற்றார் பழகியவர்கள் எல்லோரும் முதலில் இடறுகிற இடம் இது. உங்களுக்கு யார் கை பிடித்துக் காட்டினார்கள்? எழுதுங்கள்.

முள்ளியவளை ஆசிரியை:

நான் சங்கீத ஆசிரியை. வீணை பழகியவள். கோட்டுவாத்தியம் என்ற சித்திரவீணையில் சுர இடத்தைக் காட்டும் மெட்டுக் கம்பிகள் கிடையாது, மரத் துண்டை உருட்டித்தான் வாசிப்பார்கள் என்று மாணவர்களுக்குப் பாடமாகச் சொல்லியிருக்கிறேன், தொட்டுப் பார்த்ததில்லை. பிரிஜ் பூஷன் காப்ரா இதே முறையில் கிற்றாரில் இந்துஸ்தானி வாசித்ததைக் கேட்ட பிறகுதான், நம்முடைய ராகங்களும் இதில் உட்காரும் என்ற துணிவு வந்தது.

இரணைமடு வாசி சொன்ன சுருதியில் ஜீயை ஸட்ஜமாக வைத்தால் 2ஆம் தந்தி அந்தர காந்தாரம் என்ற உயர்ந்த 'க' ஆகிவிடும். சங்கராபரணத்துக்கும் நீலாம்பரிக்கும் அது வரம். முகாரிக்கு அது பகை. முகாரி வாசிக்கும்போது அந்தத் தந்தியை அரைச் சுரம் இறக்கிவிடுவேன், சாதாரண காந்தாரம் என்ற தாழ்ந்த 'க' கிடைக்கும். இதை யாரும் சொல்லித்தரவில்லை, ஒரு மழைக்கால விடுமுறை முழுவதும் தேடிக் கண்டுபிடித்தேன்.

எனக்குக் கை பிடித்துக் காட்டியவர் பக்கத்து வளவு அம்மா. எண்பது வயது இருக்கும், எழுதப் படிக்கத் தெரியாதவர். நான் அருவி வெட்டு, அதாவது நெல் அறுவடைப் பாட்டு ஒன்றின் மெட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். வேலியருகே வந்து நின்று கேட்டார். பிறகு படலையைத் திறந்துகொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்து, "அந்த இடத்தில் அவ்வளவு இழுக்கக் கூடாது பிள்ளை. வெட்டுகிறவளுக்கு மூச்சு எங்கே இருக்கும்?" என்று கேட்டார். அவரே பாடினார். குனிந்து ஒரு பிடி நெல்லை அரிந்து நிமிரும் நேரம்தான் ஒரு வரி. அதற்கு மேல் குரல் நீளவே இல்லை. நான் வசதியாக உட்கார்ந்து, வழுக்க முடிகிறதே என்பதற்காக எல்லாச் சுரத்தையும் வழுக்கிக்கொண்டிருந்தேன். அன்று முதல் எதை வாசிப்பதானாலும் முதலில் பாடிப் பார்க்கிறேன். என் குரல் நேராகப் போகிற இடத்தில் இரும்பைத் தூக்கி வைக்கிறேன். குரல் இழுக்கிற இடத்தில் மட்டும் உருட்டுகிறேன். அந்த அம்மா போன வருடம் காலமானார். பதினொரு பாட்டுகளைக் கைப்பேசியில் பதிந்து வைத்திருக்கிறேன். வேண்டியவர்களுக்கு அனுப்புவேன்.

புதுக்குடியிருப்பு:

பெயர் வேண்டாம். 2009இல் என் இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் போயின. அதற்கு முன் கிற்றார் வாசிப்பேன். பின்னர் அதைத் தொடவில்லை, பிள்ளைகள் தொட்டாலும் கோபப்பட்டேன். லாப் ஸ்டீலில் தந்தியை விரலால் அழுத்தத் தேவையில்லை, இரும்பைப் பிடித்தால் போதும் என்று ஒருவர் சொன்னபோது நம்பவில்லை. பெருவிரல், சுட்டு விரல், நடு விரல் மூன்றாலும் இரும்பு உறுதியாக நின்றது. அன்றிரவு நித்திரை வரவில்லை.

ஆனால் மடுவில் அந்தப் பெரியவர் காட்டிய இரண்டு விரல்களும் என்னிடம் இல்லையே. என் மனைவி தையல்காரி. ஒரு பருத்திக் கையுறையில் இல்லாத இரண்டு விரல்களுக்கும் பஞ்சு அடைத்து, நுனியில் கம்பளித் துண்டு வைத்துத் தைத்தாள். முதல் கையுறையில் பஞ்சு கூடிவிட்டது, விரல்கள் விறைத்து நின்றன. இரண்டாவதில் குறைந்து, தந்தியைத் தொடாமல் தொங்கின. மூன்றாவது சரியாகப் படிந்தது. நான் வாசிக்கும்போது அவள் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்பாள், எங்காவது இரைந்தால் கையுறையைக் கழற்றி வாங்கி இரண்டு தையல் போட்டுத் தருவாள். மீதியை வலது உள்ளங்கையின் ஓரம் பார்த்துக்கொள்கிறது. ஒரு தந்தியை மீட்டிவிட்டு அடுத்ததற்குப் போகும் முன் உள்ளங்கையைத் தந்திகளில் இறக்கினால் முன் சுரம் அடங்கிவிடும். தினமும் அரை மணி நேரம் இது ஒன்றையே பழகினேன், ஆறு மாதம்.

நெடுங்கேணித் தச்சன்:

சாதாரண கிற்றாரும் கிடைக்காதவர்களுக்காக எழுதுகிறேன். மின்சாரத்தில் ஒலிக்கும் லாப் ஸ்டீலுக்கு ஒலிப்பெட்டி வேண்டியதில்லை. 1930களின் தொடக்கத்தில் வந்த ரிக்கன்பேக்கர் மின் லாப் ஸ்டீல், அலுமினியத்தில் வார்த்த வட்டமும் ஒரு கைப்பிடியும்தான். பொரிக்கிற சட்டி என்றே அதற்குப் பெயர். கதவு நிலைக்கு வாங்கி மிஞ்சிய முதிரைப் பலகையில் ஒன்று செய்தேன். தந்தியின் நீளம் 22.5 அங்குலம். அதை 17.817ஆல் வகுத்தால் முதல் கோட்டின் தூரம் வரும், மிச்ச நீளத்தைத் திரும்ப அதே எண்ணால் வகுத்தால் அடுத்த கோடு. 12ஆவது கோடு சரி பாதியில், 11.25 அங்குலத்தில் விழ வேண்டும். விழாவிட்டால் கணக்குப் பிழை, பலகையில் கத்தி வைக்காதீர்கள். முதிரை பாரம் அதிகம், ஒரு மணி நேரத்தில் தொடை மரத்துவிடும். அடுத்ததைத் தேக்கில் செய்யப் போகிறேன். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் மட்டும் கொழும்பிலிருந்து எடுத்தேன். முதலில் ஒரே ரீங்காரம். தந்திகள் தங்கும் உலோகத் துண்டிலிருந்து எர்த் வயர் கொடுக்காதது என் தவறு, கொடுத்ததும் பெரும்பகுதி அடங்கிவிட்டது.

இரணைமடு வாசி:

புதுக்குடியிருப்பு அண்ணா, உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அந்தக் கையுறையின் படத்தையும் வெட்டிய அளவையும் உங்கள் மனைவியிடம் கேட்டுப் போட முடியுமா? எங்கள் பக்கத்தில் ஒரு தங்கை இருக்கிறார், அவருக்கும் விரல்கள் இல்லை. நண்பரின் கராஜில் இன்னும் நான்கு பிஸ்டன் பின் இருக்கிறது, அவருக்கு ஒன்றைக் கழுவி எடுத்து வைத்துவிட்டேன். ஆசிரியை அம்மா, பதினொரு பாட்டுகளையும் எனக்கு அனுப்புங்கள். தை மாதம் அருவி வெட்டு முடிந்ததும் நான் முள்ளியவளைக்கு வருகிறேன், முகாரிக்கு அந்த 2ஆம் தந்தியை இறக்குவதை நேரில் கேட்க வேண்டும்.