குருக்களுக்காக ஒறுத்தல்: யோசனை தேவை

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

ஆகஸ்ட் 4, பங்குக் குருக்களின் பாதுகாவலரான புனித ஜான் மரிய வியான்னி திருவிழாவை ஒட்டி எங்கள் அன்பியத்தில் (பங்கின் சிறு குடும்பக் குழுவில்) கத்தோலிக்கக் குருக்களுக்காக ஒரு மாதம் மறைவான ஒறுத்தல் முயற்சி, அதாவது நம் விருப்பங்களை விட்டுக்கொடுக்கும் சிறு தவம், தொடங்குகிறோம். காலை செபத்தில் ஒரு குருவை நினைத்து அன்றைய நாளை ஒப்புக்கொடுப்பது, பிறகு சின்னச் சின்னதாக விட்டுக்கொடுப்பது. டீக்குச் சர்க்கரை வேண்டாம், எதிர்த்துப் பேச வந்த வார்த்தையை விழுங்குவது, பஸ்ஸில் ஜன்னல் சீட்டை விடுவது, இந்த அளவுதான். குழம்பில் உப்பைக் குறைத்தால் வீட்டார்தான் ஒறுத்தல் செய்வார்கள்; அது கணக்கில் வராது. சுகர் மாத்திரை போடுகிறவர்களுக்கு உணவு ஒறுத்தலே வேண்டாம். "சாமி, உங்களுக்காகத்தான் காபியை விட்டேன்" என்று பங்குச் சாமியிடம் சொல்வதும் கூடாது.

உதவி வேண்டியது இரண்டு விஷயத்தில்.

குழந்தை இயேசுவின் புனித தெரேசா சிறுவயதில் பயன்படுத்தியது போன்ற ஒறுத்தல் மணி (ஒவ்வொரு ஒறுத்தலுக்கும் ஒரு மணியை இழுத்து எண்ணும் சரம்) செய்கிறோம்: பத்து மணி, ஒரு முனையில் சிலுவை, மறுமுனையில் சுரூபம் (புனிதர் உருவப் பதக்கம்). நூல் ஒவ்வொரு மணிக்குள்ளும் இருமுறை நுழைய வேண்டும், அந்த உராய்வில்தான் இழுத்த மணி அங்கேயே நிற்கும். நைலான் நூல் வழுக்குகிறது; பருத்தி நூலோ இரண்டாம் முறை துளைக்குள் போவதில்லை. எந்த நூலுக்கு எந்த அளவு மணி சரிவரும்?

அடுத்து, படுக்கையில் இருக்கும் முதியவர்களுக்கும் நைட் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கும் ஏற்ற ஒறுத்தல்கள். வலியை ஒப்புக்கொடுப்பது தவிர வேறு என்ன சொல்லலாம்?