அம்மாவின் யூரின் ரிப்போர்ட்டிலும் ஈ.கோலை, கிணற்றுத் தண்ணீரிலும் ஈ.கோலை

வயல்வரப்பு:
அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. நான்கு நாளாக நீர்க்கடுப்பு. யூரின் கல்ச்சரில் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ஈ.கோலை என்ற பாக்டீரியா, மில்லிக்கு ஒரு லட்சத்துக்கு மேல் என்று வந்திருக்கிறது. போன மாதம் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுத்தபோதும் இதே பெயர்தான் வந்தது. பிளஸ் டூ படிக்கும் மகளோ, “அது எல்லார் குடலிலும் இருக்கிறதுதானே அப்பா, இன்சுலின்கூட அதை வைத்துத்தான் செய்கிறார்கள்” என்கிறாள். ஒன்றும் பிடிபடவில்லை.

எதிர்வீட்டு அக்காவுக்கும் மூன்று மாதம் முன்பு இதே ஈ.கோலை வந்து, சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரையில் சரியாகிவிட்டது. மிச்சம் ஒரு அட்டை இருக்கிறது, தரட்டுமா என்கிறார். டாக்டரை நாளைக்குத்தான் பார்க்க முடியும். அதுவரை கொடுக்கலாமா?

லேப் அக்கா:
அந்த அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் தம்பி. மற்றதை அப்புறம் பேசலாம்.

31 வருடம் மைக்ரோபயாலஜி லேபில் கிருமி வளர்க்கும் தட்டு பார்த்தவள் நான். இ.எம்.பி. என்ற சாயம் கலந்த தட்டில் ஈ.கோலை வளர்ந்தால் பொன்வண்டு முதுகு மாதிரி பச்சையாய் மின்னும். அம்மாவுடையதும் மின்னும், எதிர்வீட்டு அக்காவுடையதும் மின்னும், கிணற்றில் இருந்ததும் மின்னும். எது எந்த ரகம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ரிப்போர்ட்டில் நாங்கள் எழுதுவது இனத்தின் பெயரை மட்டும்தான்.

பொன்னியும் நெல், மாப்பிள்ளைச் சம்பாவும் நெல் என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றால், இது அதற்கும் மேலே. 2002-ல் மூன்று ஈ.கோலை ரகங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒன்று லேபில் வளர்க்கும் சாது, இன்னொன்று சிறுநீரகத் தொற்று வந்த பெண்ணிடம் எடுத்தது, மூன்றாவது ரத்தபேதி உண்டாக்குவது. மூன்றுக்கும் பொதுவான புரதங்கள் நூற்றுக்கு 39 தான்!

மகள் சொல்லும் இன்சுலின் விஷயம் சரிதான். அதற்குப் பயன்பட்டது கே-12 என்ற ரகம். 1922-ல் அமெரிக்காவில் ஒரு நோயாளியின் மலத்திலிருந்து எடுத்து, அன்றிலிருந்து லேபிலேயே வளர்த்து வளர்த்து, இப்போது அதற்குக் குடலில் ஒழுங்காகத் தங்கக்கூடத் தெரியாது. அம்மாவுக்கு வந்திருப்பது வேறு. அதன் உடம்பைச் சுற்றி மயிரிழை போல் இருக்கும், நுனியில் பசை. மூத்திரப்பையின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டால் சிறுநீரின் வேகம் அதை அடித்துப் போகாது.

மருந்துக்கு அடங்காத குணம் தனிக் கதை. வளையம் போன்ற ஒரு சின்ன டி.என்.ஏ. துண்டை ஒரு கிருமி பக்கத்துக் கிருமிக்குக் கைமாற்றிவிடும். அதனால் எதிர்வீட்டில் கேட்ட மருந்து உங்கள் வீட்டில் கேட்கும் என்று நம்ப முடியாது. ரிப்போர்ட்டின் கீழ்ப்பகுதியில் மருந்துப் பெயர்களுக்கு நேரே எஸ், ஆர் என்று போட்டிருக்கும். எஸ் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்கும், ஆர் என்றால் அடங்காது. சிப்ரோவுக்கு நேரே என்ன இருக்கிறது? காய்ச்சல் உண்டா?

கிணற்றைப் பொறுத்தவரை ரகம் முக்கியமே இல்லை. நூறு மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் மலம் கலக்கிறது என்று பொருள். கொதிக்க வைத்துக் குடியுங்கள், செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

எல்பைக்கரை:
2011-இல் நான் ஜெர்மனியில், ஹம்பேர்க்கில் இருந்தேன். மே மாதம் திடீரென்று ஆட்கள் ரத்தபேதியோடு ஆஸ்பத்திரிக்குப் போகத் தொடங்கினார்கள். ஓ104 என்ற ஈ.கோலை ரகம். முதலில் ஸ்பெயின் கெக்கரிக்காய் மீது பழி போட்டார்கள், பாவம் அந்த விவசாயிகள், கெக்கரிக்காயைக் கொட்டி அழிக்க வேண்டி வந்தது. கடைசியில் பார்த்தால் முளைகட்டிய வெந்தயம்! எகிப்திலிருந்து வந்த விதையில் போய் நின்றது விசாரணை. 3,800 பேருக்கு மேல் நோய், 50 பேருக்கு மேல் மரணம். எண்ணூறுக்கு மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகமே பாதித்தது. அதன் பிறகு மனைவி வெந்தயம் ஊறவைத்தால் நான் அந்தப் பக்கமே போவதில்லை, வறுத்துக் குழம்பில் போட்டால் மட்டும் சாப்பிடுவேன்.

லேப் அக்கா:
அதுவேதான். குடல் சுவரில் கும்பலாக ஒட்டிக்கொள்ளும் ஒரு ரகம், பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸ் வழியாக ஷிகா என்ற நஞ்சை உண்டாக்கும் மரபணுவையும் வாங்கிக்கொண்டது. ஒட்டும் திறமையும் நஞ்சும் ஒரே கிருமியில் சேர்ந்துவிட்டன. அந்த மாதிரி ரத்தபேதிக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கவே டாக்டர்கள் யோசிப்பார்கள், நஞ்சு இன்னும் கூடுதலாக வெளிவரலாம் என்பதால். அம்மாவுக்கு வந்திருப்பது அது இல்லை, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வயல்வரப்பு:
சிப்ரோ ஆர். செஃப்ட்ரியாக்சோனும் ஆர். நைட்ரோஃபுரான்டாயின் எஸ். அதைக் கடையில் வாங்கிக் கொடுத்துவிடலாமா அக்கா? சாயங்காலத்திலிருந்து குளிர்காய்ச்சல், வலது பக்கம் முதுகு வலிக்கிறது என்கிறார்.

லேப் அக்கா:
வேண்டாம். நைட்ரோஃபுரான்டாயின் மூத்திரப்பையில்தான் வேலை செய்யும், சிறுநீரகத் திசுவில் போதுமான அளவு சேராது. குளிரும் முதுகுவலியும் இருந்தால் தொற்று மேலே ஏறியிருக்கலாம். சர்க்கரை வேறு. நாளை வரை காத்திருக்காதீர்கள், இப்போதே எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போங்கள். கல்ச்சர் ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், என்ன ஊசி போடுவது என்பதை அதைப் பார்த்து முடிவு செய்வார்கள். சர்க்கரைக்கும் வேறு எதற்கும் சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் மறக்க வேண்டாம்.

வயல்வரப்பு:
ஆட்டோ வந்துவிட்டது அக்கா. மகள் ரிப்போர்ட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறாள். போய்விட்டு எழுதுகிறேன்.