டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4: டைம்டேபிள் ஓடுது, தலை ஓடலையே?

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் போடும் டைம்டேபிள் பெரும்பாலும் இரவு 10 முதல் 1 வரைதான். நேரம் கிடைக்கிறது, சரி. தேர்வு நடப்பதோ காலை 9.30-க்கு. 200 கேள்வி, 3 மணி நேரம். கேள்விக்கு 54 விநாடி, வட்டத்தைக் கருப்பாக்குவதும் அதற்குள்ளேதான்.

கட்டம் போடும் முன் ஒரு வாரம் தெம்புக் கணக்கு எழுதுங்கள். நோட்டின் கடைசிப் பக்கம் போதும். இரண்டு மணிக்கொரு தடவை தெம்புக்கு 1 (தலை ஓடவே இல்லை) முதல் 5 (முழுத் தெம்பு) வரை ஒரு எண், பக்கத்தில் என்ன சாப்பிட்டோம் என்று ஒரு சொல். காபி குடித்த கையோடு எண் போட்டால் அது காபியின் மார்க். ராத்திரி உட்கார்ந்து மொத்தமாக நிரப்பினால் வெறும் கற்பனை.

அந்த எண்ணை வைத்துப் பாடத்தைப் பிரிக்கணும். 4, 5 வரும் நேரம் திறனறிவுக் கணக்குக்கு. 25 கேள்விதான், ஆனால் கூட்டுவட்டியில் பாதி வழியில் ஒரு எண் நழுவினால் முதல் வரியிலிருந்து போடணும். 2, 3 வரும்போது நூல்–நூலாசிரியர், நடப்பு நிகழ்வு, நின்றுகொண்டு, வாய்விட்டு. ஒரே வரியை மூன்றாவது முறை படிக்கிறீர்களா? அது 1. புத்தகத்தை மூடிவிட்டுப் படுங்கள். விடிய விடிய முழித்த பெருமைக்கு மார்க் கிடையாது.

அடுத்து, காபியைப் பற்றி. குடித்த காஃபீனில் பாதி கரையவே பெரும்பாலானவர்களுக்குச் சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணி காபியில் பாதி, இரவு 11-க்கும் உடம்பில் இருக்கும். தூக்கம் வந்தாலும் ஆழம் குறையும், மறுநாள் காலை எண் இறங்கும், அதைச் சரிக்கட்ட இன்னொரு காபி. மதியம் 2 மணியோடு நிறுத்துங்கள். மதிய மந்தம் சாப்பிடாவிட்டாலும் வரும். சோற்றைக் குவித்தால் கூடும். 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்துச் சாயலாம். அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்தில் இறங்கிவிடும், எழுந்தபின் தலை கனக்கும்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் 5 எப்போது வரும் என்று காத்திருக்க முடியாதுங்க. கிடைத்த 40 நிமிடம்தான் நேரம். அங்கே டைம்டேபிள்தான் பெரியது. பாடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சுழற்சி ஷிஃப்ட்காரர்கள் கடிகாரத்தைப் பார்க்காமல், எழுந்ததிலிருந்து எத்தனையாவது மணி என்று எண் போடுங்கள். எழுந்த முதல் அரை மணியில் கணக்கு வேண்டாம்.

இரவுப் படிப்பைக் காலைக்குத் திருப்ப: படுக்கும் நேரத்தைப் பிடித்து இழுக்காதீர்கள், தூக்கம் சொன்னபடி கேட்காது. எழும் நேரத்தை இரண்டு நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் தள்ளுங்கள். படுக்கும் நேரமும் தானாக முன்னால் வரும். ஒரு மணிக்குப் படுப்பவர் 10.30-க்கு வர 10 படி, அதாவது 20 நாள். எழுந்ததும் மொட்டைமாடிக்குப் போய் கால் மணி நில்லுங்கள். டியூப்லைட் சில நூறு லக்ஸ் (வெளிச்ச அளவு)தான், வெளியே காலை வெளிச்சம் பல ஆயிரம். ஞாயிறு 8 மணி வரை தூங்கினால் அந்த வாரம் நகர்ந்ததெல்லாம் திரும்பப் போய்விடும்.

கடைசி மூன்று ஞாயிறும் மாதிரித் தேர்வைச் சரியாக 9.30-க்குத் தொடங்குங்கள். பிரிண்ட் எடுத்த ஓ.எம்.ஆர். தாள், கருப்புப் பால்பாயின்ட் பேனா, பக்கத்தில் தண்ணீர் மட்டும். எந்தக் கேள்விக்கு மேல் தப்பு கூடுகிறது என்று பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு 120-ஐ ஒட்டி வந்தால், கணக்குப் பகுதியை அதற்கு முன்னால் முடிக்கும்படி வரிசையை மாற்றுங்கள்.