சத்தம் பாக்ஸ் ஹார்ன் அடித்தால் நின்றுவிடுகிறது, அவசரம், யாராவது சொல்லுங்கள்

செல்லூர் கேன்
அண்ணன்மார்களே, அவசரம். பேட்டரி வண்டி, சத்தமே வராது, விடிகாலையில் சந்துக்குள் போனால் ஒருத்தருக்கும் கேட்பதில்லை. நேற்று ஒரு பாட்டி ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தார், நான் பின்னால் போய் நின்றதே தெரியவில்லை. "பாட்டி, கொஞ்சம் தள்ளிக்கங்க" என்றதும் தூக்கிவாரிப்போட்டுக் கோலப்பொடிக் கிண்ணத்தை என் முன் டயரில் கவிழ்த்துவிட்டார், அப்புறம் தெருவே கூடி எனக்குப் பாட்டு. அதனால் சத்தம் கொடுக்கிற பாக்ஸ் ஒன்று வாங்கி மாட்டினேன். இப்போது ஹார்ன் அடித்தால் பாக்ஸ் நின்றுவிடுகிறது, சில நேரம் திரும்ப வருவதே இல்லை. சிக்னலில் சும்மா நிற்கும்போதும் கத்துகிறது, எல்லாரும் திரும்பி முறைக்கிறார்கள். என்ன செய்யலாம்? நாளைக் காலை லோடு இருக்கிறது.

எர்த்துமணி
எர்த் சரியில்லை. கறுப்பு வயரைப் பாடியில் நன்றாகச் சுரண்டி இறுக்குங்கள், சரியாகிவிடும்.

கோரிப்பாளையம் 72
என்ன வண்டி தம்பி? ஸ்கூட்டரா? பேட்டரி எத்தனை வோல்ட்? பாக்ஸுக்கு வயர் எங்கிருந்து எடுத்தீர்கள்?

மல்டிமீட்டர் மாமா (மூத்த உறுப்பினர்)
வண்டி பெயர் இல்லை, வோல்ட் இல்லை, படம் இல்லை, ஆனால் அவசரம் மட்டும் இருக்கிறது. டாக்டரிடம் போய் "வலிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு எங்கே என்று சொல்லாமல் உட்கார்ந்திருப்பீர்களா? இதே கேள்விக்கு இங்கே பழைய இழைகள் இருக்கின்றன, தேடிப் படிக்கும் பழக்கம் இருந்தால் கிடைக்கும்.

ரிலே ரசிகன்
ரிலே, அதாவது சின்னக் கரண்டில் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச், போடவில்லை, அவ்வளவுதான் விஷயம். இந்த ஊரில் பாதி வண்டிக்கு நோயே ரிலே இல்லாததுதான்.

செல்லூர் கேன்
ஸ்கூட்டர் இல்லை அண்ணே, மூணு வீலு லோடு வண்டி. தண்ணீர் கேன் போடுகிறேன். வயர் மெக்கானிக்தான் எடுத்தார், சாவி போட்டால் பவர் வரும் இடத்தில் கொடுத்தேன் என்றார்.

கோரிப்பாளையம் 72
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. சாவி லைனில் கொடுத்தால் சாவி போட்டிருக்கும்வரை கத்தத்தான் செய்யும், அதில் கோளாறு ஒன்றும் இல்லை, அதன் வேலையே அதுதான். வண்டி ஓடும்போது மட்டும் சத்தம் வர வேண்டுமென்றால் பாக்ஸுக்கு வேகம் தெரிய வேண்டும். மோட்டாருக்குக் கரண்டை அளந்து கொடுக்கும் கண்ட்ரோலரிலிருந்து மீட்டருக்கு ஒரு ஸ்பீடு வயர் போகும், பாக்ஸில் ஸ்பீடு இன்புட் இருந்தால் அதில் சேர்க்கலாம். மோட்டார் சுற்றும் நிலையைக் கண்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சார் வயர்களில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள், சிக்னல் கெட்டால் வண்டி வெட்டி வெட்டி ஓடும், பிறகு அதற்குத் தனியாக ஒரு இழை போட வேண்டியிருக்கும்.

எர்த்துமணி
நான் சொன்னேன் பாருங்கள், எர்த்.

ரிலே ரசிகன்
ஸ்பீடு வயரெல்லாம் எதற்கு? பிரேக் லைட் லைனில் ஒரு ரிலே போட்டு, பிரேக் மிதித்தால் பாக்ஸ் கட் ஆகிற மாதிரி செய்யுங்கள். சிக்னலில் கத்தாது, செலவும் இல்லை.

கோரிப்பாளையம் 72
ஐயோ, அதைச் செய்யாதீர்கள். ஆள் குறுக்கே வரும்போதுதானே பிரேக் மிதிக்கிறோம்? சத்தம் வேண்டிய நேரத்தில் ஊமையாகிவிடும். ஆக்ஸிலேட்டரில் இணைப்பதும் இதே கதைதான், இறக்கத்தில் கையை விட்டு உருட்டிக்கொண்டு வரும்போது சத்தம் இருக்காது.

மல்டிமீட்டர் மாமா
ஆளாளுக்கு அள்ளி விடுவதற்கு முன்னால் இதற்கு உலகத்தில் என்ன விதி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். ஐ.நா. ஒழுங்குவிதி 138, சத்தமில்லாமல் ஓடும் வண்டிகளுக்கானது, 2016இல் வந்தது. வண்டி நகர ஆரம்பித்ததிலிருந்து 20 கி.மீ. வேகம்வரை சத்தம் வர வேண்டும், ரிவர்ஸிலும் வர வேண்டும். 10 கி.மீ. வேகத்தில் குறைந்தது 50 டெசிபல், 20இல் 56, ரிவர்ஸில் 47, எவ்வளவு போனாலும் 75ஐத் தாண்டக் கூடாது. இதெல்லாம் வண்டியின் நடுக்கோட்டிலிருந்து 2 மீட்டர் தள்ளி மைக் வைத்து அளப்பது. 20க்கு மேலே டயர் உரசலும் காற்றுமே போதிய சத்தம் தந்துவிடும் என்பது கணக்கு. ஐரோப்பாவில் புது மாடல்களுக்கு 2019 ஜூலையிலிருந்தும், விற்கிற எல்லாப் புது வண்டிகளுக்கும் 2021 ஜூலையிலிருந்தும் கட்டாயம். நம் மத்திய அரசு 2025 செப்டம்பரில் வரைவு அறிவிக்கை போட்டது, அதில் புது மாடல்களுக்கு 2026 அக்டோபர், ஏற்கெனவே விற்பனையில் இருக்கும் மாடல்களுக்கு 2027 அக்டோபர் என்று இருக்கிறது, அதற்கான இந்திய வாகனத் தரநிலை ஏஐஎஸ் 173. அதுவும் கார், பஸ், லாரி வகைகளுக்குத்தான். மூணு வீலுக்கும் ஸ்கூட்டருக்கும் அந்த வரைவில் இடமில்லை. ஆகவே செல்லூர் தம்பி, உங்களை யாரும் பாக்ஸ் மாட்டச் சொல்லவில்லை.

நான்மாடக்கூடல்
விதி எழுதினவர்கள் மதுரை மாசி வீதிக்கு வந்ததில்லை போலிருக்கிறது. நம் ஊர்ச் சந்தில் முழங்கையை உரசிக்கொண்டு போவது காரா? பேட்டரி ஸ்கூட்டரும் மூணு வீலும்தானே. எழுகடல் தெருவில் பாத்திரமும் பையுமாக நடந்து போகிறவருக்குப் பின்னால் லாரியா வரப்போகிறது?

வக்கீல் வீட்டுப் பிள்ளை
பாக்ஸ் மாட்டச் சொல்லவில்லை என்பது மட்டுமில்லை, மாட்டுவதிலும் சிக்கல் இருக்கிறது. கம்பெனி கொடுத்த வடிவத்தை உரிமையாளரே மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் விழலாம். சுரம் மாறி மாறிப் பாடுகிற ஹார்னுக்கு மத்திய மோட்டார் வாகன விதி 119இல் தடை இருக்கிறது, எனவே பாட்டுப் பாடுகிற பாக்ஸ் என்றால் கழற்றிவிடுங்கள். இன்னொன்று, ஒலி மாசு விதிகளில் இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணிவரை. 2010 திருத்தத்துக்குப் பிறகு அந்த நேரத்தில் குடியிருப்புப் பகுதியில் ஹார்னே அடிக்கக் கூடாது, பொது அவசரம் தவிர. குடியிருப்புக்கு இரவு அளவு 45 டெசிபல்.

மல்டிமீட்டர் மாமா
அந்த 45 அந்த இடத்தின் சராசரிச் சத்தம். நான் சொன்ன 50 ஒரு வண்டி கடக்கும் நொடியில் 2 மீட்டரில் அளப்பது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள்.

வக்கீல் வீட்டுப் பிள்ளை
தராசு எதுவானாலும் அபராதம் கட்டப்போவது செல்லூர் தம்பி, நீங்கள் இல்லை சார்.

நான்மாடக்கூடல்
அப்போ விடிகாலையில் ஹார்ன் அடித்தால் தப்பு, பாக்ஸ் மாட்டினால் தப்பு, சும்மா போனால் பாட்டி திட்டுவார். கேனைத் தலையில் தூக்கிக்கொண்டு போகச் சொல்கிறீர்களா?

தெற்குவாசல் தூக்கம்
இருக்கிற சத்தம் போதாதென்று இன்னும் சத்தமா? ஆரப்பாளையத்தில் பஸ்காரர் ஏர் ஹார்ன் அடித்தால் பல் கூசுகிறது, ஆடி மாதம் வந்தால் குழாய் ஸ்பீக்கர். இத்தனை வருஷத்தில் அமைதியாக வந்த ஒரே வண்டி இது, அதற்கும் வாய் வைத்துவிடுவதா? நடக்கிறவர்கள் போனை உள்ளே வைத்துவிட்டு நடக்கட்டும்.

வெண்கோல்
ஸ்க்ரீன் ரீடர் வைத்துத்தான் இந்த இழையைக் கேட்டேன். எனக்குக் கண் தெரியாது, அரசரடிப் பக்கம் தினமும் தனியாக நடக்கிறேன். போனை உள்ளே வைப்பது எனக்கு எப்படி உதவும் என்று தெற்குவாசல் நண்பர்தான் சொல்ல வேண்டும். பெட்ரோல் ஆட்டோ வந்தால் எந்தச் சந்திலிருந்து வருகிறது, வேகத்தைக் குறைக்கிறாரா, திரும்பப் போகிறாரா என்று இன்ஜினிலேயே தெரிந்துவிடும், அதை வைத்துத்தான் ரோட்டைக் கடக்கிறேன். பேட்டரி வண்டி என் கோலை உரசிய பிறகுதான் வந்ததே தெரிகிறது. ஆனால் இப்போது மாட்டுகிற கீச்சுக் கீச்சுப் பாக்ஸ்களும் உதவுவதில்லை. ஒரே சுதியில் கீ என்று கத்தினால் எந்தப் பக்கம் என்று காதுக்குப் பிடிபடாது, ஏதோ இருக்கிறது என்று நடுரோட்டில் நின்றுவிடுவேன். உஸ்ஸென்று இரைகிற, பல சுதி கலந்த சத்தமாக இருந்தால் திசை உடனே தெரியும். சிக்னலில் நின்றாலும் சத்தம் வருவதைக் குறை என்கிறீர்கள், எனக்கு அது நல்லதுதான், கிளம்பத் தயாராக ஒரு வண்டி நிற்கிறது என்று தெரியும். அமெரிக்காவில் பார்வையற்றோர் கூட்டமைப்பு விடாமல் கேட்டதில் 2010இல் சட்டம் நிறைவேறியது, அங்கே வண்டி நின்றுகொண்டிருந்தாலும், பார்க்கிங் கியரில் இல்லையென்றால் சத்தம் வர வேண்டும்.

கோரிப்பாளையம் 72
வெண்கோல் சொல்வதற்கு விதியிலும் ஆதாரம் இருக்கிறது. ஐ.நா. விதியில் சத்தம் குறைந்தது இரண்டு அலைவரிசைப் பட்டைகளில் இருக்க வேண்டும், அதில் ஒன்றாவது 1,600 ஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். வேகம் கூடக் கூடச் சுதியும் ஏற வேண்டும். நம் கடைகளில் கிடைக்கிற சின்ன பீசோ பஸர் பெரும்பாலும் 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் கத்தும். வயதானால் முதலில் போவது அந்தக் கீச்சு ஒலி கேட்கும் திறன்தான். தம்பி அந்தப் பாட்டிக்காக மாட்டியது பாட்டிக்கே சரியாகக் கேட்காது, எதிர்வீட்டுப் பையன்தான் முழித்துக்கொள்வான்.

மேலூர் மாட்டுக்காரன்
எங்கள் தாத்தா வண்டி மாட்டுக்குக் கழுத்துமணி கட்டியிருந்தார். மாடு நின்றால் மணி நிற்கும், ஓடினால் மணியும் வேகமாக அடிக்கும், கரண்டும் வேண்டாம், கண்ட்ரோலரும் வேண்டாம். நீங்கள் விதி 138 என்று சொல்கிறீர்கள், அவர் மேலூர்ச் சந்தையில் வாங்கிக் கட்டினார். முன் ஆக்ஸிலில் ரெண்டு மணி கட்டிப் பாருங்கள் தம்பி, விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

தெற்குவாசல் தூக்கம்
வெண்கோல் சார், உங்களைச் சொல்லவில்லை. ஆனால் மணியும் வேண்டாம், தூங்க விடுங்கள்.

ரிலே ரசிகன்
ரிவோல்ட் ஆர்வி400 பைக் 2019லேயே ஸ்பீக்கரில் பைக் சத்தம் விட்டது. அது வந்தபோது பசங்கள் ஸ்டைலுக்குத்தான் போட்டார்கள், யாரும் பாதுகாப்பு என்று பேசவில்லை. எல்லாம் ஒரே ஸ்பீக்கர்தான்.

மல்டிமீட்டர் மாமா
ஒரே ஸ்பீக்கர் இல்லை. அதை ஓட்டுகிறவர் நினைத்தால் நிறுத்திவிடலாம். எச்சரிக்கை ஒலிக்கும் ஆரம்பத்தில் கார்களில் நிறுத்துகிற பட்டன் இருந்தது, பிறகு விதியைத் திருத்தி அந்தப் பட்டனே கூடாது என்றார்கள். போகட்டும். கேள்வி கேட்டவரின் முதல் பிரச்சினையை யாராவது கவனித்தீர்களா? ஹார்ன் அடித்தால் பாக்ஸ் நிற்கிறது என்றார். தம்பி, ஹார்ன் கம்பெனி ஹார்ன்தானா?

செல்லூர் கேன்
இல்லை அண்ணே. அது சவுண்டு பத்தவில்லை என்று போன மாசம் ஜோடி விண்ட்டோன் ஹார்ன் மாட்டினேன்.

மல்டிமீட்டர் மாமா
இதைச் சொல்ல ஒரு பக்கம் முழுக்க ஓட வேண்டியிருந்தது. சரி, கேளுங்கள். உங்கள் பேட்டரி 48 வோல்ட்டாகத்தான் இருக்கும், பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஹெட்லைட், ஹார்ன், பாக்ஸ் எல்லாம் ஓடுவது 12 வோல்ட்டில், அந்த 12ஐத் தருவது சீட்டுக்கு அடியிலோ முன்னாலோ இருக்கும் டிசி கன்வர்ட்டர். அதன் மேல் 10 ஆம்பியர் என்றோ அதற்குக் குறைவாகவோ எழுதியிருக்கும். விண்ட்டோன் ஹார்ன் ஒன்றே 4, 5 ஆம்பியர் இழுக்கும், ஜோடி என்றால் கன்வர்ட்டரின் முழுச் சக்தியும் அதற்கே போய்விடும். விடிகாலையில் ஹெட்லைட்டும் எரிகிறது. ஹார்ன் அமுக்கிய நொடி 12 என்பது 9க்கோ கீழேயோ விழும், பாக்ஸுக்குள் இருக்கிற சின்ன சிப் அணைந்து திரும்ப ஆரம்பிக்கும், சில பாக்ஸ் தானாக ஆரம்பிக்காது. மீட்டரின் இரண்டு முனையையும் பாக்ஸின் சிவப்பு, கறுப்பு வயரில் வைத்துக்கொண்டு இன்னொருவரை ஹார்ன் அடிக்கச் சொல்லுங்கள். எண் சரிந்தால் நான் சொன்னதுதான். பழைய ஹார்னை மாட்டுங்கள், இல்லையென்றால் ஹார்னுக்குத் தனிக் கன்வர்ட்டர், தனி ஃப்யூஸ். 48 வோல்ட்டில் நேராகக் கொடுத்துப் பார்க்கலாம் என்று மெக்கானிக் சொன்னால் அங்கிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ரிலே ரசிகன்
ஹார்னுக்கு ரிலே போட்டாலே தீரும்.

மல்டிமீட்டர் மாமா
தீராது. ரிலே சுவிட்சைத்தான் காப்பாற்றும், கரண்ட் வரப்போவது அதே கன்வர்ட்டரிலிருந்து.

எர்த்துமணி
எர்த்தும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கோரிப்பாளையம் 72
மணி அண்ணே, பேட்டரி வண்டியில் பாடியை எர்த் என்று நம்பிச் சுரண்டக் கூடாது. பல வண்டிகளில் நெகட்டிவ் பாடியோடு சேர்ந்திருக்காது. கறுப்பு வயர் கன்வர்ட்டரின் நெகட்டிவுக்கே போக வேண்டும்.

எர்த்துமணி
அதைத்தானே நானும் எர்த் என்கிறேன்.

செல்லூர் கேன்
மீட்டர் வைத்துப் பார்த்தோம், மாமா சொன்ன மாதிரி சரிந்தது. பழைய ஹார்னே மாட்டியாச்சு, இப்போது பாக்ஸ் நிற்கவில்லை. ரொம்ப நன்றி எல்லாருக்கும். லோடுக்குக் கிளம்புகிறேன்.

வக்கீல் வீட்டுப் பிள்ளை
பாக்ஸ் என்ன சத்தம் போடுகிறது என்று கடைசிவரை சொல்லவே இல்லையே தம்பி? பாட்டா, பீப்பா?

வெண்கோல்
சிக்னலில் கத்துவதை நிறுத்திவிட்டீர்களா, அப்படியே விட்டிருக்கிறீர்களா என்றும் சொல்லுங்கள். அரசரடிப் பக்கம் வருவீர்கள் என்றால் எனக்குத் தெரிய வேண்டும்.

உசிலை பைக்
எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் ஹார்ன் அடித்தால் இல்லை, இண்டிகேட்டர் போட்டால். ஸ்கூட்டர். யாராவது சொல்லுங்கள், அவசரம்.

மல்டிமீட்டர் மாமா
புது இழை போடுங்கள். என்ன வண்டி, எத்தனை வோல்ட், என்னென்ன மாற்றியிருக்கிறீர்கள், மூன்றும் முதல் வரியிலேயே இருக்கட்டும்.