இயற்கை நினைவுச்சின்னமா, தனியுருவா?

வணக்கம் அண்ணை,

சட்டத்தால் காக்கப்படுகிற தனி மரம், பாறை போன்றவற்றை ஜெர்மனில் 'நாட்டூர்டெங்க்மால்' (Naturdenkmal) என்கிறார்கள். அதற்குத் தமிழில் நீங்கள் முன்வைத்த 'இயற்கை நினைவுச்சின்னம்' பற்றி இரண்டு நாளாக யோசிக்கிறேன். அந்த 'நினைவு' எனக்கு உறுத்துகிறது. கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் சட்ட ஆவணங்களை மொழிபெயர்க்கிறவன் நான். நினைவுச்சின்னம் என்றால் இறந்தவர்களுக்கு எழுப்பிய கல்தான் மனதில் வருகிறது.

மன்னார் பள்ளிமுனைப் பெருக்கமரத்தை (பாவோபாப்) எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் நாங்கள் ஏழு பேர் கைகோத்து நின்றும் அடிமரத்தை வளைக்க முடியவில்லை. பட்டை யானைத்தோல் மாதிரி மடிந்து கிடக்கும். கைக்கெட்டும் உயரத்தில் யாரோ கத்தியால் கீறிய பெயர்கள். அராபிய வணிகர் கொண்டுவந்தது என்பார்கள், அதனால் காட்டு மரம் என்றும் சொல்ல முடியாது. இலங்கைத் தொல்பொருள் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்டதுதான் தொன்மையானது என்று கோடு போடுகிறது. மரத்துக்கும் பாறைக்கும் அந்தத் திகதியில் என்ன இருக்கிறது? சரணாலயம், ஒதுக்கிடம் எல்லாம் பரப்புக்கான சொற்கள். தனியே நிற்கிற ஒன்றைக் காக்கத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

ஜெர்மன் சொல்லிலும் நினைவு இருக்கிறதே என்பீர்கள். சரி. ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட் 1800இல் வெனிசுவேலாவில் கண்ட பெருமரத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிற சொல் அது. (கொழும்புத் தெருவோரங்களில் நிழல் தருகிறதே மாரா மரம், அதே இனம்.) ஆனால் இன்றைய ஜெர்மன் சட்டம் அதை விளக்கும்போது 'இயற்கையின் தனிப் படைப்புகள்' என்கிறது, இடமாக இருந்தால் 5 ஹெக்டேர் வரை. பொருள் 'தனி'யில்தான் இருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை 'இயற்கைத் தனியுரு'. வர்த்தமானி வசனத்தில் வைத்துப் பார்த்தேன்: 'இம்மரம் இயற்கைத் தனியுருவாகப் பிரகடனப்படுத்தப்படுகின்றது.' இடறவில்லை. குகை, பாறை, அருவி எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது. அக்கா சொன்ன 'இயற்கைச் சின்னம்' அழகுதான், ஆனால் தேர்தல் சின்னம் பழகிய காதுக்கு அது வேறாகக் கேட்கும்.

அப்புறம், லாண்ட்மார்க்கை இதோடு கலக்க வேண்டாம். அது வழிகாட்டும் அடையாளம், 'நிலக்குறி' போதும். கொழும்புக் கோட்டை மணிக்கூட்டுக் கோபுரம் ஒருகாலத்தில் கப்பல்களுக்கு வெளிச்சவீடாக இருந்தது. அது நிலக்குறி, தனியுரு அல்ல.

ஓர் இடத்தில் மட்டும் தயங்குகிறேன். திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழு. ஒரு தனியுருவா, ஏழா? ஊற்று நிலம் ஒன்றுதானே, அதனால் ஒன்று என்பேன். நீங்கள் எப்படி எழுதுவீர்கள்?